எர்த் இல்லடா

தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. மடியில இருக்குற அந்தப் பையைக் கொஞ்சம் இறக்கி வச்சீங்கன்னா பனியன்ல எழுதியிருக்குறதை முழுசாப் படிச்சிருவேன். ஜங்ஷன்ல ஏறுனதுல இருந்து பாக்குறேன், மேல் பாதிதான் தெரியுது. ம், அதேதான். "எர்த் இல்லடா." கீழ பொடி எழுத்துல முக்கா ஜல்லின்னு போட்டிருக்கு. நல்ல துணிதான். எங்க வாங்குனீங்க, அந்த ராக் பேண்டுக்காரங்களே விக்கிறாங்களா? விப்பானுங்க, விப்பானுங்க.

அப்ப சாயங்காலம் மெட்ராஸ்ல அவனுங்க கச்சேரிக்குத்தான் போறீங்க. நான் அதுக்குப் போகலை. கடைக்குக் கொஞ்சம் சாமான் வாங்கணும். பொன்மலையில எலக்ட்ரிகல் கடை வச்சிருக்கேன், எங்கப்பா ஆரம்பிச்சது. ஒயரு, சுவிட்சு, மோட்டார் ஸ்டார்ட்டர், எல்லாம் கிடைக்கும். பேரு நாவுக்கரசு. அரசுன்னு கூப்பிடுவாங்க. என்ன, காலைப் பாக்குறீங்க? மெட்ராஸ் போறவன் ரப்பர் செருப்பு போட்டுட்டு வந்திருக்கானேன்னா? வீட்டுல என் சம்சாரம் சங்கீதாவும் அதையேதான் கேட்டா. காத்தோட்டமா இருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சரி, அந்தப் பனியன் வாசகத்துக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க பாப்போம். ஓகோ. ஆத்துல மணலை அள்ளிட்டாங்க, மலையை உடைச்சுட்டாங்க, நமக்குன்னு பூமியே இல்லைன்னு ஒரு தலைமுறை கதறுது. ரொம்ப நல்லாயிருக்கு. நீங்களா யோசிச்சீங்களா, எங்கேயாவது படிச்சதா? படிச்சதுதான். எல்லாரும் அதைத்தான் படிச்சிருக்கீங்க.

இதோ கொள்ளிடம் பாலம் வந்துருச்சு. பாத்துக்குங்க, உங்க பாட்டுல வர்ற ஆறு இதுதான். "ஆறு இருந்த இடம்"னு பாட்டுக்குப் பேரு, இல்ல? இந்த ஆத்துல டெரன்ஸுக்கு நீச்சல் கத்துக்குடுத்தவன் நான். ஆமா தம்பி, உங்க டெரன்ஸ்தான். பாட்டு பாடி, கிடார் அடிச்சு, முடியைச் சிலுப்பிக்கிட்டு நிக்கிறானே, அவனேதான். பின்னாடி உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கிற பூபாலனும் நானும் அஞ்சாங்கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு. மூணு பேரும் சேர்ந்துதான் ஆரம்பிச்சோம். முக்கா ஜல்லின்னு பேர் வச்சதே நான்தான். எங்க குடோன் வாசல்ல எவனோ முக்கால் இஞ்சு ஜல்லியைக் கொட்டிட்டு மாசக்கணக்கா அள்ளாமக் கிடந்துச்சு. ராக்குன்னா பாறை, பாறையை உடைச்சா ஜல்லி, வச்சுருங்கடான்னு சொன்னேன். நீங்க எத்தனை பேட்டி பாத்திருக்கீங்க? எதுலயாவது அரசுன்னு ஒருத்தன் பேர் வச்சான்னு சொல்லியிருக்கானுங்களா? சொல்லியிருந்தாலும் நான் அந்தப் பேட்டியெல்லாம் பாக்குறதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி என்னை விட்டுட்டு மெட்ராஸ் போனானுங்க. அப்படியே விட்டுட்டுப் போயிட்டானுங்க தம்பி. டிக்கெட் மூணா எடுத்திருந்தானுங்க, அது வேற விஷயம். வண்டி கிளம்புற வரைக்கும் பூபாலன் பதினோரு தடவை போன் பண்ணான், அதுவும் வேற விஷயம். நான் கடையில உட்கார்ந்து போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஊர்ல எவன் இந்தப் பாட்டைக் கேக்கப்போறான், ஆறே மாசத்துல திரும்பி வருவானுங்க, வந்து நம்ம கடையிலதான் நிப்பானுங்கன்னு நினைச்சேன். திரும்பி வராதது அவனுங்க தப்பா, என் தப்பா?

போன மாசம் இந்தப் புது ஆல்பம் வந்துச்சு. நான் கேக்கலை. சத்தியமாக் கேக்கலை. சமையல்காரனைத் தெரியும், அவன் வைக்கிற குழம்பை நக்கித்தான் பாக்கணுமா? ஆனா ஜனங்க என்ன சொல்லுதுன்னு பாக்கணும்ல. ஒரு பொது அறிவுக்குத்தான். காலையில கடையைத் திறந்து ஊதுபத்தி ஏத்துறதுக்கு முன்னாடி போனைத் திறந்துருவேன். ரெண்டாயிரம் கமெண்டு இருந்தா ரெண்டாயிரத்தையும் படிப்பேன். மல்டிபிளக் கேட்டு வந்த ஆளு ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு எதிர்க் கடைக்குப் போயிட்டாரு. எனக்கென்ன பொறாமையா? இல்லை. ஆறு லட்சம் பேரு நாலே நாள்ல கேட்டிருக்கான்னா அதுல ஏதோ ஏமாத்து இருக்கணும், அதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்.

ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பாட்டு கேட்டு விமர்சனம் பண்ற பையன் ஒருத்தன் இருக்கான்ல, தாடி வச்சவன். அவன் வீடியோவை மட்டும் சத்தமில்லாம ஓடவிட்டுப் பாத்தேன். நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு வந்ததும் கண்ணை மூடிக்கிட்டுத் தேம்புறான். என்னடான்னு கீழ படிச்சா, அந்த இடத்துல ஒரு அலறல் வருதாம். ஆல்பத்துக்கே அதுதான் உசுராம். ஒரு இணைய இதழ்ல பெரிய விமர்சகர் ஒருத்தர் நீளமா எழுதியிருந்தாரு. அந்த ஒரு வரியை நான் மனப்பாடமே பண்ணிட்டேன். "பூமி இல்லையடா என்று அலறும் அக்குரல் பாடப்பட்டதன்று, பிடுங்கப்பட்டது." பிடுங்கப்பட்டதாம். டெரன்ஸ் தொண்டையில இருந்து பிடுங்குறதுக்கு என்ன இருக்கு? ஒம்பதாவதுல பாட்டுப் போட்டியில பாதியில அழுதுட்டு இறங்கி வந்த பய அவன். மூணு நாளு எனக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. மோர் குடிச்சேன், கேக்கலை.

நல்லவிதமா எழுதுன ஒரே ஒரு மனுஷனும் இருந்தாரு. பழைய ஆளு போலிருக்கு. பேருக்கேத்த மாதிரி நல்லா ஜல்லியடிக்கிறார்கள்னு, அதாவது வெறும் அளப்புன்னு, ஒரே வரியில முடிச்சிருந்தாரு. அதைப் பதினாலு பேருக்கு அனுப்புனேன். எங்க மாமனாருக்குக்கூட அனுப்புனேன். அவரு கட்டட வேலைக்கு ஜல்லி வேணுமான்னு கேட்டு எழுதியிருந்தாரு.

அப்புறம் நானும் ரெண்டு வார்த்தை எழுதலாமேன்னு தோணுச்சு. சொந்தப் பேர்ல எழுதுனா பொறாமைன்னு சொல்லிருவாங்க. அதனால... அரியலூரா இது? டீ சொல்லவா? சொல்றேன், இருங்க. இந்தாங்க, ரெண்டு டீ. ம். அந்த ஃப்ளோரா மேரின்னு ஒரு ஆளு கமெண்டு போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? இருக்கும், உங்க ஆளுங்க எல்லாருக்கும் அவ பேரைச் சொன்னாலே பத்திக்கிட்டு வரும். கையில கிடைச்சா என்ன பண்ணுவீங்க? சரி சரி, டீயைக் குடிங்க, ஆறிடப் போகுது.

ஃப்ளோரா மேரி நான்தான் தம்பி.

எந்திரிக்காதீங்க. எங்க போவீங்க, வண்டியில ஒரு சீட்டுக்கூட காலி இல்லை. உட்காருங்க, முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க. அது மட்டுமில்லை, பழைய ஜல்லிங்கிறதும் நான்தான். ராக் வாத்தியார், தஞ்சாவூர் தரணி, கச்சேரிக் கண்ணாயிரம், மொத்தம் ஒம்பது பேரு. சங்கீதாவோட பழைய போனு, கடை போனு, என் போனு, மூணுலயும் மாத்தி மாத்தி. ஒருத்தன் எழுதுவான், இன்னொருத்தன் வந்து சரியாச் சொன்னீங்க சகோதரின்னு சொல்லுவான். ஃப்ளோரா மேரிக்குத்தான் கை ராசி. அவ எது எழுதுனாலும் நூறு பேரு ஆமா போடுவான்.

எல்லாரும் எதைத் தூக்கி வச்சு ஆடுறாங்களோ அதைத்தானே அடிக்கணும்? அந்த அலறலைப் பிடிச்சேன். கேக்காமலேதான். அது வயித்துல இருந்து வரலை, தொண்டையில இருந்து வருதுன்னு எழுதுனேன். கண்ணாடி முன்னாடி நின்னு பத்து தடவை ஒத்திகை பாத்த அழுகைன்னு எழுதுனேன். அப்புறம் ஒருநாள் ஃபேன் ரெகுலேட்டர் மாட்டிக்கிட்டு இருக்கும்போது தோணுச்சு. ஃப்ளோரா மேரி பேர்ல போட்டேன். "கரண்டு கம்பியைப் பிடிச்சவன்கூட இதைவிட உண்மையாக் கத்துவான்." அவ்ளோதான் தம்பி. தீ மாதிரி பரவுச்சு. படம் போட்டான், வீடியோ போட்டான், காக்கா ஒண்ணு கம்பியில உட்கார்ந்து கத்துற படத்துக்கு டெரன்ஸ் பேரை எழுதுனான். அந்தத் தாடி வச்ச பையனே மறுபடி கேட்டுப் பாத்தேன், கொஞ்சம் செயற்கையாத்தான் இருக்குன்னுட்டான். ஆட்டு மந்தை தம்பி. நேத்து அழுதவன் இன்னைக்குச் சிரிக்கிறான். ரசிகர்கள்னு இவனுங்களை நம்பி ஒரு பாட்டு போட முடியுமா?

ரெண்டு வாரம் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. மூணாவது வாரம் முக்கா ஜல்லி பேர்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு. பாத்திருப்பீங்க. கேக்குறவங்க மனசைப் புண்படுத்த எங்களுக்கு விருப்பமில்லை, அந்தக் குரலைக் கேலிப் பொருளாக்குறதைப் பாக்க எங்களால முடியலை, அதனால பாட்டுல இருந்து அதை எடுத்துடறோம், இனிமே அந்த இடம் சும்மா இருக்கும்னு. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பிரியாணி வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். என்ன விசேஷம்னு சங்கீதா கேட்டா. சும்மாதான், உனக்குப் பிடிக்குமேன்னு சொன்னேன். கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துல நானா பிரியாணி வாங்கிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. பாவம், அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மறுநாள் பூபாலன் போன் பண்ணான். எட்டு வருஷம் கழிச்சு. சரி, தோத்துட்டானுங்க, நம்ம தோளு வேணும் போலன்னு நினைச்சு எடுத்தேன். அவன் எடுத்ததும் மன்னிச்சிருடா அரசுங்குறான். எதுக்குடாங்குறேன். உன் குரலை எடுக்க வேண்டியதாப் போச்சுடா, உன்னைக் காக்கான்னு சொல்றானுங்க, டெரன்ஸால தாங்க முடியலை, நாலு நாளா யார்கிட்டயும் பேசலைங்குறான். எனக்கு ஒண்ணும் விளங்கலை. என் குரலா, என் குரல் எங்கடா இருந்துச்சுன்னு கேட்டேன். பாட்டை நீ கேக்கவே இல்லையாடான்னான். அப்புறம் சொன்னான். "குடோன்ல உனக்கு ஷாக் அடிச்சுதேடா. அது."

நீங்க படிச்ச பிள்ளை, உங்களுக்கு எர்த்துன்னா பூமி. எங்க கடையில எர்த்துன்னா எர்த்துதான். மூணு ஓட்டை பிளக்பாயிண்ட்ல மேல பெரிசா ஒரு ஓட்டை இருக்குல்ல, அதுல ஒரு பச்சை ஒயரு போய் மண்ணுக்குள்ள இறங்கணும். கசியுற கரண்டு அது வழியா மண்ணுக்குப் போயிரும். அந்த ஒயரு இல்லைன்னா தொட்டவன் உடம்பு வழியாத்தான் போகும். ஊருக்கெல்லாம் எர்த் குழி தோண்டிக் குடுத்தவரு எங்கப்பா. கரியும் உப்பும் போட்டு, மாசம் ஒரு தடவை தண்ணி ஊத்துங்கன்னு புத்தி சொல்லிட்டு வருவாரு. சொந்த குடோனுக்கு எர்த் போடலை. அந்த குடோன்லதான் நாங்க வாசிச்சோம்.

அன்னைக்கு டெரன்ஸுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. நீ பாடுடா அரசுன்னு சொல்லிட்டு, போன்ல ரெக்கார்டைத் தட்டிவிட்டு மூட்டை மேல உட்கார்ந்துட்டான். வெறுங்காலு எனக்கு, தரையெல்லாம் மழை ஈரம். இடது கை கிடார் கம்பியில இருக்கு. ஆசையா வாயைக் கொண்டுபோய் மைக்குல வச்சேன். உதட்டைப் பிடிச்சு இழுத்துச்சு பாருங்க, பல்லெல்லாம் கூசுது, கை கம்பியை விடமாட்டேங்குது. கத்துனேன். எர்த் இல்லடா, எர்த் இல்லடா பாவிகளான்னு கத்துனேன். இந்தப் பூபாலன் இருக்கானே, நான் பாடுறேன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் வேகமா அடிக்கிறான். டெரன்ஸ்தான் ஓடி வந்து சுவிட்சை அணைச்சான். அதுல இருந்துதான் எனக்குக் கரண்ட் அரசுன்னு பேரு.

அந்தச் சத்தத்தை டெரன்ஸ் இத்தனை வருஷம் வச்சிருந்திருக்கான் தம்பி. போனு மாத்துனப்பல்லாம் அதையும் மாத்தி மாத்தி வச்சிருந்திருக்கான். பாட்டுக்குக் கீழ பேர் போடுவாங்கல்ல, அங்க கடைசி வரியா "அலறல்: கரண்ட் அரசு, பொன்மலை"ன்னு போட்டிருந்தானாம். அந்தப் பேரையெல்லாம் தாண்டித்தானே தினமும் நான் கமெண்டுக்குப் போனேன். அவனுங்க பேரைப் படிச்சா எரியும்னு கண்ணை வேற பக்கம் வச்சுக்கிட்டு விரலாலத் தள்ளிட்டுப் போயிருவேன். நீங்களும் படிக்கலையா? பேரையெல்லாம் யாரு படிக்கிறா. கமெண்டுலயும் எல்லாரும் அலறல், அலறல்னுதான் எழுதுனான், அந்த விமர்சகராவது எர்த்துன்னே எழுதித் தொலைச்சிருந்தா எனக்கு உறைச்சிருக்கும். சுத்தத் தமிழ்ல பூமின்னு எழுதுனா நான் என்னத்தைக் கண்டேன்?

பூபாலன் போனை வச்சதுக்கு அப்புறம் டெரன்ஸ் அனுப்பியிருந்த பழைய வாய்ஸ் மெசேஜைத் தேடிக் கேட்டேன். ஆல்பம் வந்த அன்னைக்கே அனுப்பியிருக்கான். பீத்திக்கிறதுக்கு அனுப்பியிருப்பான்னு நான் திறக்கவே இல்லை. அவன் சொன்னதை அப்படியே சொல்றேன். "டேய் அரசு, கேட்டியா? நான் எத்தனை தடவை பாடிப் பாத்தும் அந்த இடம் வரலைடா. உன்னுதைப் போட்டதும் பாட்டு நிமிர்ந்து நின்னுருச்சு. அடுத்த மாசம் பதினாறாம் தேதி மேடையில நீயே வந்து கத்து. சட்டை கிட்டையெல்லாம் எதுவா இருந்தாலும் பரவாயில்லை, ரப்பர் செருப்பு மட்டும் போட்டுட்டு வந்துரு." சிரிக்கிறான் அதுல. பின்னாடி பூபாலனும் சிரிக்கிறான்.

ஆமா, பதினாறு இன்னைக்குத்தான். ஆமா, செருப்பும் அதான். கடைச் சாமான் ஒண்ணும் வாங்க வேண்டியது இல்லை.

அந்த அலறலைத் திருப்பி வைக்கச் சொல்லி நான் எழுதாமலா இருந்தேன்? ஃப்ளோரா மேரி பேர்ல எழுதுனேன், நான் சொன்னது தப்பு, அதுமாதிரி ஒரு அலறல் உலகத்துலயே கிடையாதுன்னு. பல்டி அடிக்கிறா, கைக்கூலி வாங்கிட்டான்னு உங்க ஆளுங்க கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாங்க. ஒம்பது பேரும் வந்து எழுதுனோம். எவனும் மதிக்கலை. கடைசியில என் சொந்தப் பேர்ல, கடை அட்ரஸோட, அது என் குரல்தான்னு எழுதுனேன். அதுக்குக் கீழ ஒருத்தன், ஆமா சார், நான்தான் அந்த மைக்குன்னு எழுதிட்டுப் போயிட்டான். நாப்பது பேரு அதுக்குச் சிரிச்சிருக்கான். பொய்யாச் சொன்னப்ப ஊரே நம்புச்சு தம்பி. நெசத்தைச் சொன்னா ஒரு நாதி இல்லை.

இப்ப நேர்ல போய்த்தான் கேக்கணும். திருப்பி வையுங்கடான்னு கேட்டா, அந்த ஃப்ளோரா மேரி மறுபடி கிளம்புவாளேடாம்பான் டெரன்ஸ். கிளம்ப மாட்டா, நான் ஜவாப்புன்னு எப்படிச் சொல்றது? சொன்னா எல்லாம் சொல்லணும். சொல்லிட்டு அவன் மூஞ்சியை எப்படிப் பாக்குறது? விழுப்புரத்துலயே இறங்கிரலாமான்னுகூட நினைச்சேன். நீங்க பேச்சு குடுத்ததுல விழுப்புரமும் போயிருச்சு.

என்ன கேட்டீங்க? அந்தக் கத்தலை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னா? கேக்கலைன்னுதானே அப்பவே சொன்னேன். பூபாலன் சொன்ன அன்னைக்கு ஓடிப்போய்ப் போட்டேன், அதுக்குள்ள எடுத்துட்டானுங்க. நாலு பன்னெண்டுல ஒண்ணுமே இல்லை. டிரம்ஸ் மட்டும் தனியா அடிச்சுக்கிட்டு இருக்கு. பூபாலன்கிட்ட அனுப்புடான்னு கேக்க வாய் வரலை. ஊர்ல ஆறு லட்சம் பேரு கேட்டாச்சு, நான் மட்டும்தான் பாக்கி.

என்னது? உங்க போன்லயா? பழசா, எடுக்குறதுக்கு முந்தியே இறக்கி வச்சதா? தம்பி, குடுங்க. இல்ல, ஒரு காதுக்குப் போதும், இன்னொண்ணை நீங்க வச்சுக்குங்க. தள்ளி எல்லாம் விட வேணாம், முதல்ல இருந்தே போடுங்க.

ம். கிடார் நல்லாத்தான் அடிச்சிருக்கான். அடிக்கட்டும், அடிக்கட்டும். இந்த வரி நல்ல வரி. இதை எங்க பிடிச்சான்? ஆத்துக்குள்ள லாரி போற சத்தம் மாதிரியே இருக்கு. எத்தனை ஆச்சு, மூணா? மூணு அம்பது. பூபாலன் ஏத்துறான் பாருங்க. இருங்க, பேசாதீங்க.

...

தம்பி, இது நானா?

எனக்கு இப்படி ஒரு தொண்டை இருந்துச்சா? அம்மா பாவம், இது வீட்டுல கேட்டிருந்தா பயந்திருக்கும். இத்தனை நாளா டெரன்ஸ் மேல, பூபாலன் மேல, உங்க மேல, அந்தத் தாடிக்காரன் மேலன்னு ஊர்ல ஒருத்தனை விடாம எரிஞ்சுக்கிட்டு இருந்தேன். பொறாமைதான் தம்பி, வேற என்னன்னு சொல்றது. ஆனா இதுல கத்துறானே, இவன் மேல வருது பாருங்க, அது அதையெல்லாம் தாண்டி வருது. இருபத்திமூணு வயசு, காலுல செருப்புகூட இல்லை, எப்படிக் கத்துறான் பாருங்க. இன்னைக்கு மேடையில ஏத்திவிட்டா நான் இவனுக்குப் பக்கத்துல வர முடியுமா? நாலு பல்பு பேரை ஒழுங்காச் சொல்றதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது.

செங்கல்பட்டா இது? தாம்பரத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? எழும்பூர்ல இறங்கி, நீங்க போற வழியில என்னையும் கூட்டிட்டுப் போங்க. டெரன்ஸ்கிட்ட நானே சொல்லிக்கிறேன், ஃப்ளோரா மேரியையும் சேர்த்து. நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க, போதும்.

போன்ல சார்ஜ் இருக்கா? இன்னொரு தடவை போடுங்க.